பர்ஸ்லெம் குயவர்களைத் தேடி



லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திலும் பெரிய மண் தட்டுகள் சில பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை அடி அகலம் உடையது. செம்பழுப்பு மண்ணின்மேல் வெண்மண் குழம்பைப் பூசி, அதன்மீது அடர்பழுப்பு மண்குழம்பால் கோலமிடுவதுபோல் கோடிழுத்துச் சிங்கம், கடற்கன்னி, முடிசூடிய மன்னர் என உருவங்களை வரைந்துள்ளனர். அவற்றுள் ஒரு காட்சி, 1651ல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், பாஸ்கோபெல் என்னும் இடத்தில் ஓக் மரமொன்றில் ஒளிந்திருந்ததைக் காட்டுகிறது. தட்டின் விளிம்பைச் சுற்றிப் பின்னல் கோடுகள். அக்கோடுகளின் நடுவே, கொட்டை எழுத்துகளில் ஒரு பெயர்: தாமஸ் டாஃப்ட்.

இப்பெயர் தாங்கிய தட்டுகள் முப்பதுக்கும் மேல் எஞ்சியுள்ளன. ரால்ஃப் டாஃப்ட் என்னும் பெயரும் வேறு சில பெயர்களும் இதே வகைத் தட்டுகளில் காணப்படுகின்றன. சிலவற்றில் 1670களைச் சேர்ந்த ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இவை இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் வடபகுதியில் உருவானவை.

இத்தட்டுகளின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் குழுவில் எழுந்த கேள்வி எளிமையானது. டாஃப்ட் ஒருவர் தெரிகிறார். அவரைச் சுற்றியிருந்த மற்றவர்கள் யார்? மண் வெட்டியவர், பிசைந்தவர், சூளைக்கு நெருப்பிட்டவர், கூடையில் சுமந்து விற்றவர் ஆகியோரை எப்படி அறிவது? அத்தேடலில் நாங்கள் படித்தவற்றையும், படிக்கும்போது கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மண்ணும்

பர்ஸ்லெம் இன்று ஸ்டோக் ஆன் ட்ரென்ட் நகரின் ஒரு பகுதி. 1910ல் ஆறு ஊர்கள் இணைக்கப்பட்டு அந்நகரம் உருவானது. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பர்ஸ்லெம் ஒரு சிற்றூர். வேளாண்மைக்கு அவ்வளவு ஏற்றதல்லாத நிலம். ஆனால் அந்நிலத்தின் அடியில் நிலக்கரிப் படுகைகளும், அவற்றின் இடையிடையே பலவகைக் களிமண் அடுக்குகளும் இருந்தன. வனைய மண்ணும் சுட நெருப்பும் ஒரே குழியில் கிடைத்தால் அங்கே குயவர் குடியேறாமல் இருப்பரோ?

அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று வெகு முன்னரே தொடங்குகிறது. டன்ஸ்டால் பண்ணைக்குரிய நிலக்கிழாரின் நீதிமன்றப் பதிவேடுகளில், 1348ல் வில்லியம் என்னும் குயவர் மண்பானை செய்ய உரிமக் கட்டணம் செலுத்தியதாகக் குறிப்பு உண்டு. அதற்கு நூறாண்டு கழித்து, 1448ல், ரிச்சர்ட் ஆடம்ஸ், வில்லியம் ஆடம்ஸ் என்னும் இருவருக்கு அதே நீதிமன்றம் தண்டம் விதித்தது. பர்ஸ்லெமுக்கும் ஸ்னெய்டுக்கும் இடையிலான பொதுவழியின் ஓரத்தில் களிமண் தோண்டியதே அவர்கள் செய்த குற்றம்.

இவ்விரு குறிப்புகளையும் உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வில்லியம் என்ன பானை வனைந்தார், எப்படிச் சுட்டார் என்பதில் நிலக்கிழாருக்கு அக்கறையில்லை. அவருக்கு வேண்டியது கட்டணம். ஆடம்ஸ் என்னும் பெயர் நமக்குக் கிடைத்தது அவர்தம் கைத்திறனால் அன்று. சாலையில் பள்ளம் விழுந்ததால். குயவர் தம்மைப் பற்றி எழுதவில்லை. அவர்களிடமிருந்து எதையோ எதிர்பார்த்தவர்களே அவர்களைப் பற்றி எழுதினர். ஆகவே ஒவ்வோர் ஆவணத்தைத் திறக்கும்போதும், இதை எழுதியவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். நாங்கள் கற்ற பாடம் இதுவே. இக்கேள்வியைக் கையிலேந்தியபடியே மேலே செல்வோம்.

வேலையைப் பார்த்தவர்

பதினேழாம் நூற்றாண்டுப் பர்ஸ்லெமைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வருணனை, ராபர்ட் ப்ளாட் என்பவர் 1686ல் வெளியிட்ட ஸ்டாஃபோர்ட்ஷயரின் இயற்கை வரலாறு என்னும் நூலில் உள்ளது. ப்ளாட் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர். அங்குள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர். மாவட்டத்தின் கற்கள், நீர்நிலைகள், செடிகொடிகள், தொழில்கள் அனைத்தையும் பதிவு செய்யப் புறப்பட்டவர். அவருடைய கண்கள் கூர்மையானவை.

பர்ஸ்லெம் குயவர் பயன்படுத்திய மண்வகைகளை அவர் பிரித்துச் சொல்கிறார். கலத்தின் உடலுக்கு நான்கு வகை மண். மேற்பூச்சுக்கும் ஓவியத்துக்கும் அவற்றினும் நயமான மண்கள். இவையெல்லாம் ஊரிலிருந்து அரை மைல் சுற்றளவில் கிடைத்தவை. மண்ணைக் குழியில் நீர்விட்டு ஊறவைப்பர். பிறகு பலகையின்மேல் இட்டு நீண்ட மரத்துடுப்பால் அடிப்பர். பெரிய உருளைகளாக்கிக் கம்பியால் மெல்லிய துண்டுகளாக அறுத்து, சிறு கல் தட்டுப்பட்டால் பொறுக்கியெடுப்பர். அதன்பின் ரொட்டிக்கு மாவு பிசைவதுபோல் பிசைந்து உருண்டைகளாக்குவர். அவ்வுருண்டையே சக்கரத்துக்குப் போகும். வனைந்த கலங்களை நல்ல வெயில் நாளில் வெளியிலும், மழைநாளில் நெருப்பருகிலும் உலர்த்துவர். கைப்பிடி ஒட்டுவது அதற்குப் பின்னர். மண்குழம்பால் பூச்சிட்டு ஓவியம் தீட்டிய பிறகு, ஈயத்தாதுவைப் பொடித்துத் தூவுவர். சூளையில் அது உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும்.

சூளை ஏறத்தாழ எட்டடி உயரமும் ஆறடி அகலமும் கொண்ட வட்டமான குவிமாடம். ஈயப்பூச்சு இட்ட கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்க, முரட்டு மண்ணாலான காப்புக் கலங்களுக்குள் அவற்றை அடுக்குவர். ஒரு சூளை வேக 24 மணிநேரம். நெருப்பு மெல்ல அவிய மேலும் 10 மணிநேரம். வெந்த பானைகளை வாங்குவோர் பெரும்பாலும் ஏழைச் சுமையாளர்கள். பெரிய கூடைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நாடெங்கும் நடந்து விற்றவர்கள் அவர்களே.

மண்ணை உருட்டும் விதத்தைக்கூட விடாமல் எழுதிய ப்ளாட், அந்த மண்ணை உருட்டியவரின் பெயரை எழுதவில்லை. அவருக்கு வேண்டியது இயற்கையும் செய்முறையும். மாவட்டத்துச் செல்வந்தரின் மாளிகைகள் அந்நூலில் பெரிய படங்களாக இடம்பெற்றன. குயவர் வேலையாக மட்டுமே இடம்பெற்றனர். எனினும் ப்ளாட் இல்லையேல் இச்செய்முறையில் பாதியையேனும் நாம் இழந்திருப்போம் என்பதையும் நன்றியுடன் சொல்ல வேண்டும்.

வெண்ணெய்ப் பானையும் சட்டமும்

டாஃப்டின் தட்டுகளில் மயங்கி, பர்ஸ்லெம் என்றால் ஓவியத் தட்டு என்று கருதிவிடக்கூடாது. அவ்வூரின் அன்றாடச் சோறு வெண்ணெய்ப் பானையிலிருந்து வந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயரின் உட்டாக்ஸிட்டர் சந்தையில் லண்டன் வணிகர் வெண்ணெயைப் பானைக் கணக்கில் வாங்கினர். பூச்சு எதுவுமற்ற, உயரமான, உருளை வடிவப் பானை. வெண்ணெயோடு பானையும் போய்விடும்; திரும்பி வராது. ஆகவே குயவருக்கு ஓயாத வேலை.

ஓயாத வேலை இருக்குமிடத்தில் ஓயாத தில்லுமுல்லும் இருக்கும். பானை சரியாக வேகாவிட்டால் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். வாங்குவோர் வெண்ணெயின் விலை கொடுத்துத் தண்ணீரை வாங்கினர். பானையின் மேற்பகுதியில் நல்ல வெண்ணெயும் அடியில் கெட்டதும் நிரப்பியவர்களும் உண்டு. இதனால் 1662ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒரு பானை வெண்ணெய் என்றால் 20 பவுண்டு எடை. அதில் வெண்ணெய் 14 பவுண்டு, பானை 6 பவுண்டு. ஆறு பவுண்டு எடையில் பதினான்கு பவுண்டு கொள்ளும் கலத்தை நாள்தோறும் மாறாமல் வனைவது எளிதன்று. சட்டம் இயற்றியவர் குயவரைப் புகழ எண்ணவில்லை. ஏய்ப்பைத் தடுக்கவே எண்ணினர். ஆயினும் அச்சட்டத்தின் எண்களில் குயவரின் கையளவு ஒன்று பதிவாகிவிட்டது.

வரியும் உடைமைப் பட்டியலும்

அதே 1662ல் இங்கிலாந்தில் அடுப்பு வரி நடைமுறைக்கு வந்தது. வீட்டிலுள்ள ஒவ்வோர் அடுப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். 1689 வரை நீடித்த அவ்வரியின் பட்டியல்களில் ஊர்வாரியாகக் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் உள்ளன. குயவரைத் தேடுவோர்க்கு இது புதையல் என்றே தோன்றும். ஆனால் தொழிற்சூளைகளுக்கு அச்சட்டம் விலக்களித்திருந்தது. ஆகவே பட்டியலில் ஒருவரின் சமையலடுப்பு தெரியும். அவருடைய சூளை தெரியாது. வரித் தண்டலருக்குத் தேவையற்றது ஏட்டில் ஏறவில்லை.

இக்குறையை ஓரளவு நிறைப்பவை இறந்தோரின் உடைமைப் பட்டியல்கள். ஒருவர் இறந்தால் அண்டை வீட்டார் சிலர் வந்து அவருடைய பொருள்களை எண்ணி மதிப்பிட்டு எழுதுவர். வட ஸ்டாஃபோர்ட்ஷயர் மக்களின் பட்டியல்கள் லிச்ஃபீல்ட் திருச்சபை நீதிமன்றத்துக்குச் சென்று சேர்ந்தன. கட்டில், பித்தளைக் கலம், பசு, வைக்கோல் எனச் செல்லும் வரிசையில் திடீரெனச் சக்கரமும் பலகையும் ஈயத்தாதும் சுடாத பானைகளும் எதிர்ப்படும். இதிலிருந்து, அக்குயவருள் பலர் பசுவும் வைத்திருந்தனர், வயலும் உழுதனர், பானையும் செய்தனர் என்று அறிகிறோம். லோர்னா வெதரில் என்னும் ஆய்வாளர் இத்தகைய ஆவணங்களை ஒருங்குசேர்த்து, 1660 முதல் 1760 வரையிலான வட ஸ்டாஃபோர்ட்ஷயர் மட்கல வணிகத்தைப் பற்றி 1971ல் நூல் எழுதினார். ஒளிவீசும் தட்டுகளைச் சேகரிப்போரின் கையிலிருந்த வரலாற்றை, வைக்கோலும் கடனும் எண்ணுவோரின் கைக்கு மாற்றிய நூல்களில் அது ஒன்று.

ஆனால் இங்கும் எச்சரிக்கை தேவை. பட்டியலிட உடைமை வேண்டும். ஒன்றுமில்லாதவர் இறந்தால் எண்ணுவதற்கு யாரும் வருவதில்லை.

வழக்குமன்றத்தில் ஒரு பெயர்

லண்டனுக்கு அருகே ஃபுல்ஹாமில் ஜான் ட்வைட் என்பவர் கற்கலம் செய்தார். மிகுந்த வெப்பத்தில் வெந்து, நீர் ஊறாமல் கல்போல் இறுகும் கலம் அது. அதற்கு 1672லும் 1684லும் அரசிடமிருந்து தனியுரிமை பெற்றிருந்தார். 1693ல் அவர் சான்சரி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், பர்ஸ்லெமைச் சேர்ந்த ஏரன், தாமஸ், ரிச்சர்ட் ஆகிய மூன்று வெட்ஜ்வுட்களும் எதிராளிகளாயினர். ஜான் ஃபிலிப், டேவிட் என்னும் எலர்ஸ் சகோதரர்கள்மீதும் அவர் குற்றஞ்சாட்டினார். தம்மிடம் வேலை பார்த்த ஜான் சாண்ட்லர் என்பவரை இவர்கள் ஆசைகாட்டி இழுத்துத் தொழில் இரகசியத்தை அறிந்துகொண்டனர் என்பது ட்வைட்டின் முறையீடு. டேவிட் எலர்ஸோ, தாம் அத்தொழிலைக் கொலோன் நகரில் கற்றதாகப் பதிலளித்தார்.

வழக்கில் வாதியும் பொய் சொல்லலாம், பிரதிவாதியும் சொல்லலாம். ஆயினும் ஜான் சாண்ட்லரைக் கவனியுங்கள். அவர் கூலிக்கு வேலை செய்தவர். நூற்றுக்கணக்கான கூலியாள்கள் பெயரின்றி மறைந்த தொழிலில் அவர் பெயர் மட்டும் ஏன் நின்றது? அவருடைய அறிவுக்கு ஒருவர் விலை வைத்தார். இன்னொருவர் அதைத் திருட்டு என்றார். அதனால் நின்றது.

எலர்ஸ் சகோதரர்கள் ஹாலந்திலிருந்து வந்த வெள்ளிக் கொல்லர்கள். 1690களில் பர்ஸ்லெமுக்கு அருகே பிராட்வெல் வுட் என்னும் ஒதுக்குப்புறத்தில், சீனத் தேநீர்க் கலங்களைப் பார்த்து, மெருகுப்பூச்சு இல்லாத செந்நிறக் கற்கலங்களைச் செய்தனர். சில ஆண்டுகளில் தொழில் நொடித்து வெளியேறினர். ஆனால் அவர்களைப் பற்றிய கதைகள் வெளியேறவில்லை. சைமியன் ஷா என்பவர் 1829ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் மட்கலத் தொழிலின் வரலாற்றை எழுதியபோது, முதியவர்கள் சொன்ன கதைகளைத் தொகுத்தார். எலர்ஸ் தம் இரகசியத்தைக் காக்க அறிவு குறைந்தவர்களையே வேலைக்கு வைத்தனராம். ஆஸ்ட்பரி என்பவர் பேதைபோல் நடித்து உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாராம். கற்கலத்துக்குரிய உப்பு மெருகைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ஒரு பண்ணை வீட்டில் பணிப்பெண் மண்பானையில் உப்புநீர் காய்ச்ச, அது பொங்கி வழிந்த இடமெல்லாம் பளபளத்ததாம்.

பொங்கிய கதை சுவையானது, ஆனால் நடவாதது. உப்பு மெருகு பிடிக்கவேண்டுமாயின் சூளை 1,200 பாகை செல்சியஸ் அளவுக்கு வெம்மையேறியிருக்க வேண்டும். அந்நிலையில் வீசப்படும் உப்பு ஆவியாகி, களிமண்ணிலுள்ள மணற்சத்துடன் கூடிக் கண்ணாடிப் படலமாகும். சமையலறை அடுப்பில் அது நிகழாது. பேதை வேடக் கதையைப் பொறுத்தவரை, அதற்கு வழக்காவணங்கள் காட்டும் விடை வேறு. தொழிலறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சென்றது கள்ளத்தனமான நடிப்பால் அன்று, கூலிக்காக இடம்பெயர்ந்த சாண்ட்லரைப் போன்றவர்களின் கைகளோடுதான் என்பதே அது. கதை ஒரு தந்திரசாலியைப் புகழ்ந்து, எஞ்சிய வேலையாள்களைப் பேதைகளாக்கிவிடுகிறது.

இத்தகைய புகழ்ப்பங்கீட்டில் உள்ள அநீதியை உணர்ந்த ஒருவர் அவ்வூரிலேயே பிறந்திருந்தார். அவர் ஜோசையா வெட்ஜ்வுட். 1777ல் ஜான் ஃபிலிப் எலர்ஸின் மகன் பால், தம் தந்தையின் உருவப் பதக்கமொன்றை வெட்ஜ்வுட்டிடம் செய்வித்தார். பிரித்தானிய மட்கலக் கலையைக் கண்டுபிடித்தவர் என்னும் பொருள்பட இலத்தீன் வாசகமும் அதில் இடம்பெற வேண்டுமென விரும்பினார். வெட்ஜ்வுட்டுக்கு அது பிடிக்கவில்லை. எலர்ஸ் செய்த மேம்பாடுகளை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு முன்னரே அங்கே குயவர்கள் இருந்தனர் என்பதை அவர் அறிவார். அவருடைய முன்னோரே அவர்களில் அடக்கம்.

ஒரு சூளையின் கணக்கு

வெட்ஜ்வுட் 1730ல் பர்ஸ்லெமில் ஒரு குயவர் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அவர் 1769ல் எட்ருரியா ஆலையைத் திறந்ததையும் அரசிக்குக் கலம் செய்ததையும் பலரும் அறிவர். எங்களைக் கவர்ந்தது அவர் செய்த வேறொரு பணி. தாம் பிறப்பதற்கு முந்தைய பர்ஸ்லெம், அதாவது 1710 முதல் 1715 வரையிலான பர்ஸ்லெம், எப்படியிருந்தது என்பதைத் தொகுத்து அவர் ஒரு பட்டியல் எழுதி வைத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒவ்வொன்றின் உரிமையாளர், இடம், கலவகை, வார உற்பத்தி மதிப்பு. எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 139 பவுண்டு 10 ஷில்லிங். ஆண்டுக்கு 46 வாரமெனக் கொண்டு 6,417 பவுண்டு.

அத்துடன், கருநிறக் கலமும் புள்ளிக் கலமும் சுடும் ஒரு சூளைக்கு ஒரு வாரத்தில் ஆகும் செலவையும் அவர் கணக்கிட்டார். அக்கணக்கை நாங்கள் பலமுறை படித்தோம். ஆண்கள் அறுவர், மூவருக்குத் தலா 4 ஷில்லிங், மூவருக்குத் தலா 6 ஷில்லிங். சிறுவர் நால்வர், தலைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ். ஈயத்தாது 12 ஷில்லிங். மாங்கனீசு 3 ஷில்லிங். களிமண் இரண்டு வண்டி, 4 ஷில்லிங். நிலக்கரி 48 குதிரைச்சுமை, 8 ஷில்லிங். அதைக் கொண்டுவரும் கூலி 6 ஷில்லிங். பட்டறை வாடகை 2 ஷில்லிங். தேய்மானம் 4 ஷில்லிங். கட்டுவதற்கு வைக்கோல் 1 ஷில்லிங். முதலாளியின் இலாபம், அவர் உழைப்புக்கான 6 ஷில்லிங் போக, 10 ஷில்லிங். மொத்தம் 4 பவுண்டு 5 ஷில்லிங்.

இச்சிறு கணக்கில் ஓர் உலகமே அடங்கியிருக்கிறது. களிமண்ணுக்கு ஆகும் செலவைப்போல் மூன்று மடங்கு ஈயத்துக்கு. நிலக்கரியின் விலையில் முக்கால் பங்கு அதைச் சுமந்து வருவதற்கு. அதுவும் ஊருக்கு அருகிலிருந்தே. வழி அவ்வளவு மோசம். பிற்காலத்தில் வெட்ஜ்வுட் சாலைக்காகவும் கால்வாய்க்காகவும் அலைந்ததன் காரணத்தை இந்த ஆறு ஷில்லிங் சொல்லிவிடும். முதலாளிக்கு உழைப்புக் கூலி தனியே குறிக்கப்பட்டிருப்பதால், அவரும் கையில் மண் படிய வேலை செய்தவர் என்பது விளங்கும். சிறுவனுக்கு வாரம் பதினைந்து பென்ஸ். ஆறு நாள் வேலையெனக் கொண்டால் நாளொன்றுக்கு இரண்டரை பென்ஸ்.

இங்கும் நம் கேள்வியைக் கேட்க வேண்டும். வெட்ஜ்வுட்டுக்கு என்ன வேண்டியிருந்தது? தம் காலத்தில் தொழில் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதைக் காட்டப் பழைய நிலை தெரிய வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு கடந்த நினைவுகளின் அடிப்படையில் அமைந்த எண்கள் இவை. சில செலவுகள் கூடுதலாகப் போடப்பட்டுள்ளன, சூளைக்கு 4 பவுண்டே போதும் என்று அவரே குறித்துள்ளார். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த 4 பவுண்டைக் கொண்டு நாங்கள் ஒரு தோராயக் கணக்கிட்டோம். வார உற்பத்தி ஏறத்தாழ 35 சூளைகளுக்குச் சமம். சூளைக்குப் பத்துப் பேரெனில் 350 பேர். பட்டியலில் பெயருடன் இருப்போர் பட்டறை உரிமையாளர்கள் மட்டுமே. மற்ற முந்நூறு பேர் எண்களாகவே நிற்கின்றனர்: மூவர், மூவர், நால்வர்.

தூசி

வேலையாள்களின் உடலைப் பற்றிப் பேசும் ஓர் ஆவணம், எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. 1720 அளவில் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர், சுட்ட சிக்கிமுக்கிக் கல்லைப் பொடித்து மண்ணில் கலந்து வெண்ணிறக் கற்கலம் செய்யத் தொடங்கினர். கலம் அழகாக வந்தது. ஆனால் கல்லை உலர்நிலையில் இடிக்கும்போது எழுந்த நுண்தூசி மூச்சோடு உள்ளே சென்று ஆட்களைக் கொன்றது. இன்று நாம் சிலிக்கோசிஸ் என்றழைக்கும் நுரையீரல் நோய் அது. 1726ல் தாமஸ் பென்சன் என்பவர், கல்லை நீரிலிட்டு அரைக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். 1732ல் மேம்படுத்திய முறைக்கு மீண்டும் பெற்றார். முதல் விண்ணப்பத்திலேயே, உலர்ந்த கல்லை இடிப்பது மனித உயிருக்குக் கேடாக அமைந்தது என்பதை அவர் காரணமாகக் காட்டினார்.

பென்சனுக்கு வேண்டியது தனியுரிமை. ஆனால் அதைப் பெறுவதற்காக அவர் எழுதிய காரணம், இறந்துபோனவர்களின் ஒரே நடுகல்லாக நிற்கிறது. அதிலும் பெயர்கள் இல்லை.

உடைந்தவை

குயவனுக்கு ஆறு மாதம், தடிக்காரனுக்கு அரை நாழிகை என்பது நம் பழமொழி. ஆய்வாளருக்கோ தடிக்காரனே நண்பன். சூளையில் கோணியவை, வெடித்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை ஆகியவற்றைக் குயவர் பட்டறைக்குப் பின்புறம் கொட்டினர். மண் தோண்டிய பழைய பள்ளங்களை அவற்றால் நிரப்பினர். ஸ்னெய்ட் கிரீன் பகுதியில் இடைக்காலச் சூளைகள் வெளிப்பட்டன. பர்ஸ்லெமிலும் அண்டை ஊர்களிலும் கட்டடம் எழுப்பக் கடைகால் தோண்டும்போதெல்லாம் ஓடுகள் வந்தவண்ணம் உள்ளன.

விற்பனைக்குப் போன கலம் எங்கும் போகும். விற்க முடியாத கலம் செய்த இடத்தைவிட்டு நகராது. ஆகையால், எந்தச் சூளையில் எது வனையப்பட்டது என்பதற்கு உடைந்த கழிவைவிட நம்பகமான சான்று இல்லை. அருங்காட்சியகத் தட்டுகள் சுவரிலும் அலமாரியிலும் அழகுக்காக வைக்கப்பட்டதால் பிழைத்தவை. பால் சட்டியும் வெண்ணெய்ப் பானையும் குவளையும் புழங்கித் தேய்ந்து குப்பைக்குப் போயின. அவற்றை நாம் காண்பது மண்ணுக்குள்தான். நெடுங்காலம் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்றே பெயரிடப்பட்டு வந்த கோடிட்ட மஞ்சள் கலங்களுள் ஒரு பகுதி, பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்டவை என்பதையும் அங்குக் கிடைத்த சூளைக் கழிவுகளே உணர்த்தின. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இவ்வகை ஓடு கிடைத்தால், ஆய்வாளர் இன்று உடனே பர்ஸ்லெம் என்று எழுதிவிடுவதில்லை. மண்ணின் வேதியியலையும் ஒப்பிடுகின்றனர்.

நிலக்கிழார் கட்டணம் கேட்டார், நாடாளுமன்றம் எடை கேட்டது, ட்வைட் உரிமை கேட்டார், ஷா கதை கேட்டார். குப்பைமேட்டில் ஓடுகளைக் கொட்டியவர் யாரிடமும் எதையும் வேண்டவில்லை. அதனால்தான் அந்த ஓடுகள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை பெயர் சொல்வதுமில்லை. ஆவணமும் ஓடும் ஒன்றையொன்று திருத்தும்போதுதான் வரலாறு நிமிர்ந்து நிற்கிறது.

மீண்டும் டாஃப்டின் தட்டுக்கு வருவோம். அக்காலக் கலங்களில் எழுதப்படும் பெயர் பெரும்பாலும் அதைப் பரிசாகப் பெற்றவருடையதாகவும் இருக்கும் என்பதால், டாஃப்ட் வனைந்தவரா வாங்கியவரா என்ற ஐயம் எழக்கூடும். ஒரே பெயரும் ஒரே கைப்போக்கும் முப்பதுக்கு மேற்பட்ட தட்டுகளில் திரும்பத் திரும்ப வருவதால், அவர் செய்தவரே எனக் கொள்வது பொருந்தும். மன்னரின் உருவத்துக்குக் கீழே தம் பெயரைப் பெரிதாக எழுதிய குயவர் அவர். அருகில் அவருக்கு மண் பிசைந்து கொடுத்த சிறுவன் ஒருவன் இருந்திருப்பான். அவனுக்கு வாரக்கூலி பதினைந்து பென்ஸுக்கும் குறைவாகவே இருந்திருக்கக்கூடும்.

வாசகர்களுள் எவரேனும் அந்த அருங்காட்சியகங்களுக்குச் செல்ல நேர்ந்தால், தட்டின் ஓவியத்தைப் பார்த்து முடித்தபின் மண்ணையும் ஒரு கணம் பாருங்கள். அதில் ஒரு கல்லும் இல்லை. யாரோ ஒருவர் அவற்றைப் பொறுக்கியெடுத்திருக்கிறார்.